புதிதாகப் போட்ட மின்டில் வைஃபையே காட்டவில்லை

களுவாஞ்சிகுடி தம்பி:
தங்கச்சி ஏ/எல்லுக்கு ஐசிடி எடுக்கிறாள், பைத்தன் பழக ஒரு பழைய லப்டொப் வாங்கினோம். விண்டோஸ் இழுத்து இழுத்து ஓடியதால் நேற்று லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். எல்லாம் நல்லா இருக்கு, வைஃபை மட்டும் இல்லை. கனெக்ட் ஆகவில்லை என்று சொல்ல வரவில்லை, மெனுவில் வைஃபை என்ற சொல்லே இல்லை. ரவுட்டரை நிறுத்திப் போட்டும் பார்த்தேன், போனில் அதே வைஃபை ஓடுகிறது. மூன்று தரம் அழித்துப் போட்டாயிற்று. திரும்ப விண்டோஸுக்கே போகவா?

அக்கரைப்பற்று வாசகர்:
கல்முனைக்குப் போய் ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிள் வாங்குங்கள், வேலை முடிந்தது.

காத்தான்குடி காக்கா:
தம்பி, காசைச் செலவழிக்காதீங்க, இன்னொரு தரம் அழித்தும் போடாதீங்க. டொங்கிளிலும் சிலது ட்ரைவர், அதாவது அதை ஓட வைக்கும் மென்பொருள், கேட்கும், அப்புறம் அதோடும் மல்லுக்கட்ட வேண்டும். மெனுவில் வைஃபையே இல்லை என்றால் ரவுட்டரில் பிழை இல்லை, உள்ளே இருக்கிற கார்டுக்கு ட்ரைவர் ஏறவில்லை, அவ்வளவுதான். கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ, ஓர் இடைவெளி, -என்என்கே என்று அடியுங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று வரும் பகுதியில் கார்டின் பெயர் இருக்கும், அதன் கீழே 'கெர்னல் ட்ரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து அப்படியே இங்கே போடுங்கள். இன்டர்நெட்டுக்கு, போனைச் சார்ஜ் கேபிளில் லப்டொப்போடு இணைத்து, போன் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணுங்கள். லினக்ஸ் அதை வயர் கனெக்‌ஷன் மாதிரியே எடுத்துக்கொள்ளும், எந்த ட்ரைவரும் வேண்டாம்.

களுவாஞ்சிகுடி தம்பி:
காக்கா, டெதரிங் உடனே வந்தது! கார்டு பிராட்காம் பிசிஎம்43142. நீங்கள் சொன்ன ட்ரைவர் வரி இல்லை. ட்ரைவர் மேனேஜரில் பிராட்காம் ட்ரைவர் ஒன்று காட்டியது, அதைப் போட்டேன். ஏதோ பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்தும் வைஃபை இல்லை. அந்த ட்ரைவரைக் கையால் ஏற்ற, டெர்மினலில் மொட்ப்ரோப் டபிள்யூஎல் அடித்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்கிறது.

காத்தான்குடி காக்கா:
அந்த வரியைப் போட்டது நல்லது, பிடிபட்டுவிட்டது. உங்கள் லப்டொப்பில் செக்யூர் பூட் ஆனில் இருக்கிறது. கையொப்பத்தை அது நம்பாத ட்ரைவரை உள்ளே விடாது. ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத் திரை வந்திருக்குமே, ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லி 10 செக்கனில் போய்விடும். பாஸ்வேர்ட் கேட்டதே அதற்குத்தான். பலருக்கும் தவறுவது அந்த இடம்தான், கண்ணை எடுத்தால் போச்சு. மறுபடி வரவைக்க 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' என்று அடித்து, குறைந்தது 8 எழுத்தில் ஒரு பாஸ்வேர்ட் கொடுங்கள், சின்ன எழுத்தும் இலக்கமும் போதும். ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு எழும்பிப் போகாமல் முன்னாலேயே இருங்கள். நீலத் திரை வந்ததும் ஒரு கீயை அழுத்தி, என்ரோல் மொக் (அந்த ட்ரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவது), கன்டினியூ, யெஸ், பிறகு அதே பாஸ்வேர்ட், ரீபூட். லப்டொப் தொடங்கும்போது வரும் பயாஸ் செட்டிங்கில் செக்யூர் பூட்டை நிறுத்தினாலும் ஓடும்தான், ஆனால் இப்படிச் செய்வதே நல்லது.

களுவாஞ்சிகுடி தம்பி:
வந்துவிட்டது காக்கா!! தங்கச்சி பக்கத்திலேயே இருந்து, நீலத் திரை வந்ததும் அவள்தான் கீயை அழுத்தினாள். ஒன்று மட்டும், எங்கள் ரவுட்டரில் இரண்டு பெயர், 5ஜி என்று முடிவது லப்டொப்பில் தெரியவில்லை.

காத்தான்குடி காக்கா:
அல்ஹம்துலில்லாஹ். அது பிழை இல்லை தம்பி, பிசிஎம்43142 கார்டுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். மற்றப் பெயரிலேயே போடுங்கள், பைத்தன் படிக்க அது தாராளம். அப்டேட்டில் புதிய கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, வந்து வைஃபை மறுபடி காணாமல் போனால், அழித்துப் போடாமல் முதலில் அந்த எல்எஸ்பிசிஐ வரியோடு இங்கே வாங்க.