‘மறுஒத்திசைவு’க்குப் பதில் ‘மறுபடியெடுப்பு’?

வணக்கம்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கையேட்டுத் தமிழாக்கத்தில், பின்தங்கிய நகலை மூலத்தோடு மீண்டும் சரிசெய்யும் ‘ரீசிங்க்’ வரும் இடமெல்லாம் ‘மறுஒத்திசைவு’ என்று போட்டிருக்கிறோம். எனக்கு நெருடுகிறது. ஒத்திசைவு என்றால் நாயனமும் தவிலும் போல ஒன்றையொன்று கேட்டுச் சேர்வது. இங்கே மூலத் தரவை வைத்திருக்கும் முதன்மை வழங்கி (சர்வர்) அசைந்தே கொடுக்காது. பின்தங்கிய நகல் வழங்கிதான் தன்னிடம் இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்கிறது. திசையை மாற்றிவிட்டால் நல்ல தரவும் போச்சு.

காரைக்குடிப் பக்கத்துக்காரனுக்கு ஏடு என்றாலே பேரேடுதான் நினைவுக்கு வரும். ஏட்டைப் பார்த்து எழுதுவது ‘படியெடுத்தல்’. எது மூலம், எது படி என்பதில் குழப்பமில்லை. ஆகவே ‘மறுபடியெடுப்பு’. ‘மறுபடி எடுப்பு’ என்று பிரித்துப் படித்தாலும் பொருள் கெடாது!

சொல் எதுவானாலும், அதன் கீழே வரும் கடவுச்சொல் எச்சரிக்கையை ஒரே வரியில் முடித்திருக்கிறோம். அது போதாது. போன ஐப்பசி மழையில் மின்சாரம் போய் எங்கள் நகல் பின்தங்கியது. அவசரத்தில் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கட்டளைவரியிலேயே தட்டிவிட்டேன். மறுநாள் உடன் வேலை பார்க்கும் தம்பி பழைய கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும் மேல்அம்புக்குறியை அழுத்த, கடவுச்சொல் அப்படியே திரையில் வந்து நின்றது. கட்டளை ஓடும்போதே, ஓடுபவற்றைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ போட்டுப் பார்த்தாலும் தெரியக்கூடும். கடவுச்சொல்லுக்கென்றே உள்ள ‘பிஜிபாஸ்’ கோப்பில் எழுதி, அனுமதியை 0600 (உரியவர் மட்டும் படிக்க, எழுத) ஆக்கியிருக்க வேண்டும். அதைவிடத் தளர்வாக விட்டால் போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. இன்னொரு பொறி: முழுப் படி எடுக்கும் ‘பிஜி பேஸ்பேக்கப்’ கட்டளைக்கு ‘-ஆர்’ என்ற தெரிவைக் கொடுத்தால் இணைப்பு விவரம் நகலின் அமைப்புக் கோப்பில் பதிவாகும், நாம் தட்டிய கடவுச்சொல்லோடு.

அடுத்து, ‘ரெப்ளிகேஷன் யூசர்’, அதாவது நகல் வழங்கி முதன்மையோடு இணையப் பயன்படுத்தும் பயனர் கணக்கு. ‘படியாள்’ என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். அய்யா, அது நெல்லைக் கூலியாக வாங்கும் பண்ணையாள்! செட்டியார் கடைகளில் மேலாளுக்குக் கீழே இருந்த ‘அடுத்தாள்’ எனக்குத் தோன்றியது. ஆனால் அடுத்தாள் கணக்கும் எழுதுவார். நம்முடைய பயனருக்கு, படியெடுக்கும் உரிமை ஒன்றை மட்டும் கொடுத்திருந்தால், ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. ஆனால் ஏடு முழுவதையும் படியெடுத்துக்கொண்டு போகலாம். திருத்த முடியாதவர்தானே என்று அவருடைய கடவுச்சொல்லை அசட்டையாக விடுகிறோம். திருத்த முடியாது, முழுவதும் படியெடுக்கலாம் என்ற இந்த இரண்டையும் உணர்த்தும் சொல் எனக்குச் சிக்கவில்லை. இப்போதைக்குப் ‘படியெடுப்புப் பயனர்’ என்றே எழுதி வைக்கிறேன். நல்லது கிடைத்தால் சொல்லுங்கள்.