செர்பென்டைன்: நெளியா, அரவா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

'செர்பென்டைன்' (serpentine) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'சர்ப்பவடிவ' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். வேர் ஒன்றுதான், சரி. லத்தீனில் 'செர்பெரே' என்றால் ஊர்தல், ஊர்வது 'செர்பென்ஸ்'. வடமொழிச் 'சர்ப்ப'மும் அதே குடும்பம். கிரேக்கத்தில் முதலெழுத்து 'ஹ' ஆனது. ஊர்வனவியல் 'ஹெர்பெட்டாலஜி' ஆனது அப்படித்தான். ஆனால் அந்தச் சொல் இன்று எங்கெல்லாம் புழங்குகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோமே.

கார் எஞ்சினில் ஒரே நீளப் பட்டை ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் என்று பல கப்பிகளுக்குள் புகுந்து, ஒன்றில் உள்பக்கமும் இன்னொன்றில் முதுகுப்பக்கமும் பட ஓடும். அது செர்பென்டைன் பெல்ட். லண்டன் ஹைட் பூங்காவில் 1730-இல் வேலை தொடங்கி, வளைவாக அமைத்த ஏரிக்கும் இதே பெயர். இங்கெல்லாம் பேச்சு வளைவைப் பற்றியது. அதற்கு நம்மிடம் 'நெளி' இருக்கிறது. நெளிமோதிரம் என்று கேட்டால் நகைக்கடையில் உடனே எடுத்து வைப்பார்கள். நெளிக்கோலம் தெரியாத வாசல் ஏது? நெளிபட்டை, நெளிகுழாய், நெளிபாதை என்று வினைத்தொகையாகச் சொல்லிப் பாருங்கள், வாயில் தடங்கலில்லாமல் வரும்.

செர்பென்டைன் என்ற பெயருள்ள கனிமம் வேறு சங்கதி. ஒலிவின் போன்ற கனிமங்கள் நீரோடு வினைபுரிந்து உண்டாகும் மக்னீசியச் சிலிக்கேட்டுகள் இவை. வெள்ளைக் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இந்தக் கூட்டம்தான். கரும்பச்சை, இளம்பச்சைத் திட்டுகளோடு வழவழவென்று பாம்புத்தோல் மாதிரி இருப்பதால் வந்த பெயர். இங்கே 'நெளி' துளியும் பொருந்தாது. 'நாகக்கல்' என்றால் அரசமரத்தடியில் பால் ஊற்றும் கல்தான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு இலங்கைப் பாடநூல்களில் நாகம் என்பது துத்தநாகம். 'பாம்புக்கல்'லும் வேண்டாம், விஷத்தை உறிஞ்சும் என்று கடிவாயில் வைக்கிறார்களே, அந்தக் கல்லோடு குழம்பும்.

என் பரிந்துரை 'அரவுரிக்கல்'. அரவு என்றால் பாம்பு, அரவுரி என்றால் பாம்பு உரித்த தோல். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குக் கொடுக்கும் பூவேலை செய்த மெல்லிய துணி 'அரவுரி அன்ன அறுவை'. பாம்புத் தோலின் வழவழப்பையும் வேலைப்பாட்டையும் ஒருசேரச் சொல்லும் சொல் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தோடு கையில் இருக்கும்போது புதிதாக எதற்குத் தேட வேண்டும்? கனிமத்துக்கு அரவுரிக்கல், அது மிகுந்த செர்பென்டினைட் என்ற பாறைக்கு அரவுரிப்பாறை.

விலங்கியலுக்குப் 'பாம்பின' போதும். நிலவியல் படித்தவர்கள் அரவுரிப்பாறையைத் தங்கள் வாக்கியங்களில் வைத்துப் பார்த்து, இடித்தால் எங்கே இடிக்கிறது என்று எழுதுங்கள்.