பரிசோதனைக்கு வருகிற பெரியவர்களை நடக்க வைப்பது எப்படி?

தேக்கா தொண்டூழியர்:
சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே நடக்கும் சுகாதாரப் பரிசோதனையில் தமிழ் பேசுகிறவர்களுக்கு உதவியாக நிற்கிறேன், இது மூன்றாவது வருடம். பெரியவர்கள் வருவார்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார்கள், கடைசி மேசையில் நான் "தினமும் கொஞ்சம் நடங்க பாட்டி" என்பேன், "சரிம்மா" என்று பையை வாங்கிக்கொண்டு மின்தூக்கிக்குப் போய்விடுவார்கள். அடுத்த வருடமும் அதே ஆள், அதே சர்க்கரை, அதே "சரிம்மா". வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி என்று அச்சடித்த தாள் முறுக்கு மடிக்கத்தான் உதவுகிறது, கண்ணால் பார்த்தேன். வேறு வழி இருக்கிறதா?

இயன்முறைக்காரி:
தாளை விடுங்கள், ஒரு நாற்காலி போடுங்கள். கையை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது, அவ்வளவுதான் சோதனை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 70 முதல் 74 வயதுப் பெண் 10க்குக் கீழே எழுந்தால் சராசரிக்குக் குறைவு, விழும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை எண்ணைச் சொன்னால் பாட்டிக்கு ஒன்றும் ஏறாது, "ஏழு தடவைதான் எழுந்தேன்" என்றால் உறைக்கும், கழிவறையில் எழ எதைப் பிடிக்கிறோம் என்று அவருக்கே தெரியுமே. நாற்காலி சுவரோரம், பக்கத்தில் ஓர் ஆள். நெஞ்சுவலி, தலைசுற்றல் என்கிறவர்களை எழுப்பவே வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். அப்புறம், நடை மட்டும் போதாது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது.

ஈசூன் தாத்தா 71:
அந்த "சரிம்மா" கோஷ்டியில் நானும் ஒருத்தன். முட்டி வலிக்கிறது தங்கச்சி, ஏன் நடக்கவில்லை என்று ஒருத்தரும் கேட்டதில்லை, நடங்கள் நடங்கள் என்றுதான் சொன்னார்கள். கடைசியில் எதிர்வீட்டு மலாய்க்காரர் ஒரு நாள் காலையில் கதவைத் தட்டி "ஜோம்" (வா, போகலாம்) என்றார், நீச்சல்குளத்துக்கு. 65 தாண்டிய சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஆக்டிவ்எஸ்ஜி என்கிற அரசாங்க விளையாட்டுத் திட்டத்தின் குளத்தில் கட்டணம் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது, இடுப்பளவு தண்ணீரில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடக்கிறேன், தண்ணீர் பாரத்தைத் தாங்குவதால் முட்டி கத்துவதில்லை. பிறகு கோப்பி. உண்மையைச் சொன்னால் அந்தக் கோப்பிக்காகத்தான் போகிறேன்.

தோபாயோ மருமகள்:
நடக்கும் அடிகளை எண்ணுகிற ஹெல்தி 365 கைபேசிச் செயலியில் புள்ளி சேர்த்தால் பற்றுச்சீட்டு கிடைக்கும் என்று அத்தையிடம் ஆசை காட்டினோம். கைக்கடிகாரத்தில் அடிகள் ஏறிக்கொண்டே போயின, எங்களுக்கு ஒரே பெருமை. பார்த்தால் கட்டிக்கொண்டு ஓடியது என் பையன்! தாத்தா சொல்வதுதான் சரி, கூட யாராவது வேண்டும். அக்கா, உங்கள் வட்டாரத்தில் மூத்தோருக்கு நடவடிக்கைகள் நடத்தும் துடிப்பாக மூப்படைதல் நிலையத்து ஆள் ஒருவரைக் கடைசி மேசையில் உட்கார வையுங்கள். "நடங்க" என்பதற்குப் பதிலாக "செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி, மின்தூக்கி பக்கத்தில் நிற்பேன்" என்று சொல்லி, அங்கேயே பெயரை எழுதிக்கொள்ளட்டும்.

தேக்கா தொண்டூழியர்:
தாத்தா, இனி முதல் கேள்வி "எங்கே வலிக்கிறது"தான். நாற்காலி யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் எங்களிடம் இருப்பதெல்லாம் முதுகு இல்லாத பிளாஸ்டிக் முக்காலி. வழுக்காத நல்ல நாற்காலி ஒன்று இரவல் தர யாராவது இருக்கிறீர்களா?