காது கேட்கவில்லை என்று சொன்ன நாள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தகடு வெட்டும் பிரஸ் எந்திரங்கள் ஓடும் பிரிவில் ஷிப்டுத் தலைவர். என் காது எப்போது மங்கத் தொடங்கியது என்று எனக்கே தெரியாது. இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஒலிகளைத்தான். அடுத்தவர் பேசுவது கேட்கும். ‘ஸ்’ போன்ற ஓசைகள் கரைந்துபோகும்.

இரைச்சல் 85 டெசிபல் வரம்பைத் தாண்டும் இடங்களில் ஆண்டுதோறும் செவிச்சோதனை வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டு விதிமுறைகள். அந்தச் சோதனையிலும் தாதியின் கை அசைவைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினேன். பதவி போய்விடுமே என்ற பயம்.

ஒரு விடியற்காலை, ஷிப்டு மாறும் நேரம். இரவு ஷிப்டு மலாய் நண்பர், “பெட்டி எனாம் பெலாஸ், பிளவு இருக்கிறது” என்றார். பதினாறு. என் காதில் விழுந்தது ‘எனாம் புலோ’, அறுபது. அறுபதை ஒதுக்கினேன்; பதினாறு வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கைக் கடிதமோ பெட்டிகளை ஏற்றிய நேப்பாளத் தம்பிக்குப் போனது. இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. எழுதும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

உளவியல் படிக்கும் என் மகளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் ஆர்னால்ட் பைசரைப் பற்றிச் சொன்னாள். டென்னிஸ் ஆடிய அமெரிக்க மனநல மருத்துவர். போலியோவால் உடல் முடங்கியவர். இல்லாத ஒன்றாக ஆக முயலும்போது மாற்றம் வருவதில்லை, இருப்பதை இருப்பதாக ஏற்கும்போதே வருகிறது என்று 1970இல் எழுதினாராம். சமூக அமைப்புகளுக்கும் அது பொருந்தும் என்றாராம். “அப்பா, கேட்காத காதைக் கேட்கிற காதாக நடிக்க வைத்து எத்தனை வருடம் ஆகிறது?” என்றாள்.

மறுநாள் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். கைகள் நடுங்கின. கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். அன்று மதியமே இன்னொரு தலைவர் என்னைத் தனியாக அழைத்து, ஆங்கிலப் படிவங்களைத் தன்னால் படிக்க முடியாது, ஒன்பது ஆண்டுகளாக மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதுவதாகச் சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

இப்போது ஷிப்டு மாறும்போது எண்களைப் பலகையில் எழுதுகிறோம். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். படிவங்கள் மலாயிலும் வந்துவிட்டன. மலாய் நண்பர் இன்றும் ‘எனாம் பெலாஸ்’ என்று சொல்லிக்கொண்டே 16 என்று எழுதுகிறார். என் வலப்பக்கம் வந்து நின்றுதான் சொல்கிறார்.