நாள்காட்டி சேவைக்கு எந்த சர்வர்? ஹட்டனில் கரண்டை நம்ப முடியவில்லை

ஹட்டன்_தங்கச்சி:
நாங்கள் மூன்று பேர். நுவரெலியா, எல்ல பக்கத்து ஹோம்ஸ்டேகளுக்கும் வேன்காரர்களுக்கும் ஒரே நாள்காட்டியைப் பகிர்ந்து கொடுக்கிறோம். எந்த அறை காலி, எந்த வேன் எங்கே என்பதெல்லாம் போனிலேயே தெரியும். இப்போது 60 பேர் பாவிக்கிறார்கள். அந்த நாள்காட்டியைப் போன்களுக்குக் கொடுக்கும் ராடிகேல் என்ற சர்வர் மென்பொருள் ஓடுவது என் பழைய லேப்டாப்பில். அதன் பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது. ஏப்ரல் சீசனுக்கு முன் மாற்ற வேண்டும். கொழும்புக் கடையொன்றில் இரண்டு ஜியோன் (சர்வருக்கான பெரிய ப்ராசசர்), 128 ஜிபி ரேம் போட்ட ராக் சர்வரை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? டொலரில் வாடகை கட்டும் கிளவுட் பற்றிச் சொல்லாதீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது பட்டது போதும்.

கொட்டகலை_அண்ணன்:
வேண்டாம் தங்கச்சி. நாள்காட்டிப் பதிவு வெறும் எழுத்து, ஒன்று சுமார் ஒரு கிலோபைட். 60 பேரும் ஆளுக்கு ஆயிரம் போட்டாலும் 60 எம்பிதான். போன்கள் இடைக்கிடை வந்து "ஏதும் மாறியதா?" என்று கேட்கும், சர்வர் "இல்லை" என்று சொல்லும். இதற்கு எதற்கு இரண்டு ஜியோன்?

ஆபீஸ்களில் கழித்த மினி பிசி கிடைக்கும்: லெனோவோ டைனி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ. ஐ5-6500டி மாதிரி கடைசியில் 'டி' இருந்தால் 35 வாட் ப்ராசசர். 8 ஜிபி ரேம் போதும். எஸ்எஸ்டி மட்டும் புதிதாகப் போடுங்கள். ஒரே மாடலில் இரண்டு வாங்கி ஒன்றை அலுமாரியில் வையுங்கள்.

மிச்சக் காசு யூபிஎஸ்ஸுக்கு. ரௌட்டரையும் அதிலேயே சொருகுங்கள். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரையும் மெஷினில் மாட்டினால்தான் பேட்டரி இறங்கும்போது ஒழுங்காக அணையும். அப்புறம் பயாஸில் (மெஷின் எழும்பும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்), கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி வையுங்கள். இதை மறந்துவிட்டு ஒரு தீபாவளிக்கு மஸ்கெலியாவில் மாமியார் வீட்டுக்குப் போனேன். பட்டனை அமுக்குவதற்காகவே பஸ் ஏறித் திரும்பி வந்தேன், வடையைப் பாதியில் விட்டுவிட்டு.

பண்டாரவளை_வயர்காரன்:
இடியை மறந்துவிட்டீர்களே! ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் வெட்டும். எங்களுக்கு அது கரண்ட் வழியாக வரவில்லை. பழைய டெலிபோன் கம்பியில் வந்து ரௌட்டர், நெட்வொர்க் வயர், மதர்போர்ட் என்று வரிசையாகச் சுட்டது. செம்புக் கம்பி லைன் என்றால் ஃபைபருக்கு மாறுங்கள். எர்த் இல்லாவிட்டால் சர்ஜ் ப்ரொடெக்டர் வெறும் எக்ஸ்டென்ஷன் கோட்தான், முதலில் அதைப் பார்க்கவும். இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் ஒன்றையே எழுதும் மிரர் போட்டு பேக்கப் என்று நினைக்காதீர்கள், வேன்காரர் தவறி அழித்தது இரண்டிலும் அழியும். தினமும் ஒரு பிரதி வேறு வீட்டுக்குப் போகட்டும்.

ஹட்டன்_தங்கச்சி:
சர்வர் விழுந்தால் போனிலும் எல்லாம் காலியா?

கொட்டகலை_அண்ணன்:
இல்லை, கடைசியாக வந்த பிரதி போனிலேயே இருக்கும். புது புக்கிங்தான் வராது. அந்த இடைவெளியில் ஒரே அறையை இரண்டு பேர் விற்றால் சண்டை.

ஹட்டன்_தங்கச்சி:
அது போன சீசனிலேயே நடந்துவிட்டது அண்ணே. சரி, இரண்டு மினி பிசி, ஒரு யூபிஎஸ். எர்த் பார்க்க ஆளைக் கூப்பிட்டோம். நாங்கள் இருக்கும் மாடிக்கு எர்த் கம்பியே இழுக்கவில்லையாம். கீழ்க் கடை முதலாளி "இத்தனை வருசம் ஒன்றும் ஆகலியே" என்று சிரிக்கிறார்.