டிசம்பர் நகைச்சுவை நாடகம்: முதல் தடவை போகிறோம், என்ன கவனிக்கணும்?

தோ பாயோ வாசி:
பள்ளி விடுமுறையில் இங்கே சிங்கப்பூரில் உள்ளூர்க் குழு ஒன்று போடும் ஆங்கில நகைச்சுவை நாடகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நாங்கள் இருவர், 5 வயது மகள், முழங்கால் வலி உள்ள மாமியார். அரங்கம் சின்னது. 'பாண்டோமைம்' என்று போட்டிருக்கிறார்கள். எந்த இருக்கை எடுப்பது? எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்? மாமியாருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

பக்கத்திரை:
பெயரைப் பார்த்து ஊமை நாடகம் என்று நினைத்துவிடாதீங்க. இது பிரிட்டனிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கால வழக்கம். பாட்டு, ஆட்டம், கூச்சல் எல்லாம் உண்டு. ஆண் ஒருவர் பெண் வேடம் கட்டி வருவார். வில்லன் வந்தால் நாம் 'பூ...' என்று கத்தணும். அவன் நல்லவன் பின்னால் பதுங்கி வந்தால் 'பின்னாடி பாரு!' என்று எச்சரிக்கணும். கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தை வம்புக்கு இழுப்பதைப் பார்த்த மாமியாருக்கு இது புதிதாகவே இருக்காது.

இருக்கை விஷயத்தில் அவசரப்படாதீங்க. டிக்கெட் விற்கும் இணையப் பக்கத்தில் மேடையும் இருக்கைகளும் இருக்கும் விதம் படமாக இருக்கும், அதைப் பாருங்க. ஃபுனான் கடைத்தொகுதியின் நான்காம் மாடியில் இருக்கும் 358 இருக்கை அரங்கில் மேடை நீட்டிக்கொண்டு நிற்கும், மூன்று பக்கமும் ஆட்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் சில காட்சிகளில் நடிகரின் முதுகுதான் தெரியும். முகம் தெரியாவிட்டால் சிரிப்பில் பாதி போச்சு. நடுப்பகுதியில் நான்கைந்து வரிசை தள்ளி எடுங்க. முதல் வரிசையில் இருப்பவர்களைத்தான் நடிகர்கள் பேச்சுக்கு இழுப்பார்கள், கூச்ச சுபாவம் என்றால் வேண்டாம்.

இருக்கை எண் இல்லாத கறுப்புப் பெட்டி அரங்கு (உள்ளே கறுப்பாக, எளிமையாக இருக்கும் 'பிளாக் பாக்ஸ்') என்றால் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நிற்கணும். அங்கே இருக்கைகள் படிப்படியாக ஏறும். இருட்டில் கைப்பிடி இல்லாத படி முழங்கால் வலிக்காரருக்கு ஆபத்து. ஏறாமல் உட்காரும் இடம் வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்க. அன்றைக்கு வாசலில் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

வெள்ளிக்கிழமை டிக்கெட்:
டிக்கெட் பற்றிச் சில. வாங்கினால் பொதுவாகப் பணம் திரும்பாது, அதனால் தேதியைச் சரிபார்த்து வாங்குங்க. குழந்தைக்கும் தனி டிக்கெட். குறைந்தபட்ச வயது எவ்வளவு என்று பாருங்க, வயது ஆலோசனைக் குறிப்பையும் படிங்க. நகைச்சுவை என்றாலே குழந்தைகளுக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை. மூத்தோர் சலுகையில் வாங்கினால் அடையாள அட்டையை வாசலில் கேட்பார்கள்.

2025இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு, குடிமக்களாக இருந்தால், அரசாங்கம் தரும் கலாசார பாஸில் (SG Culture Pass) 100 வெள்ளி இருக்கிறது. 2028 டிசம்பர் 31 வரை செல்லும். தகுதியுள்ள உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான், ஆகவே பணம் கட்டும் முன் அந்த நிகழ்ச்சி சேருமா என்று பாருங்க.

தொடங்கிய பிறகு வந்தால் உடனே விடமாட்டார்கள், தோதான இடைவெளி வரும்வரை வெளியே நிற்கணும். முதல் பத்து நிமிடத்தில் யார் யார் என்று தெரியாமல் போனால் பிறகு வரும் கிண்டல் ஒன்றும் ஒட்டாது. அரை மணி முன்னதாகப் போய்ச் சேருங்க. இடைவேளையில் பெண்கள் கழிப்பறை வரிசை நீளும், மகளை உள்ளே போகும் முன்பே அழைத்துப்போய்விடுங்க. ஏசி கடுமையாக இருக்கும், மாமியாருக்கு ஒரு சால்வை. வார இறுதிப் பிற்பகல் காட்சியில் பிள்ளைகள் நிறைய வருவார்கள், சேர்ந்து கத்த மகளுக்குத் துணை கிடைக்கும்.

தோ பாயோ வாசி:
ரொம்ப நன்றிங்க. மொழிதான் கவலை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாமா?

பக்கத்திரை:
வேண்டாங்க. சின்ன அரங்கில் முணுமுணுப்பு மேடைவரை கேட்கும். நடிகர் ஒரு வசனத்தைச் சொல்லி, சிரிப்பு ஏறி இறங்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொல்வார். நீங்கள் முதல் வசனத்தை விளக்கி முடிப்பதற்குள் இரண்டாவது போய்விடும், இருவருக்குமே. பாண்டோமைமில் பெரும்பாலும் சிண்டரெல்லா, அலாவுதீன் மாதிரி தெரிந்த கதைதான். முந்தின நாளே கதையைத் தமிழில் சொல்லிவிடுங்க. எந்த வேடம் நல்லது, எது கெட்டது என்று தெரிந்தால் மீதியை முகமும் உடம்பும் சொல்லிவிடும்.

இன்னொன்று, இங்கே தமிழ் நாடகக் குழுக்களும் இருக்கின்றன. ரவீந்திரன் நாடகக் குழு 1988இலிருந்து இயங்குகிறது. தமிழ் நாடகங்களில் ஆங்கில வசன வரி பெரும்பாலும் திரையில் ஓடும், மகளுக்கும் உதவும். முதல் தடவை இதற்குப் போங்க, அடுத்ததை மாமியார் மொழியில் பாருங்க.