ஃப்ளாஷ் கைப்பிடி லைட்சேபர் ஆன கதை: உங்கள் கையில் வந்தது எப்படி?

பழைய ஸ்பீட் கிராஃபிக் கேமரா ஒன்றில் படம் எடுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கேமரா கிடைத்துவிட்டது. அதன் பக்கவாட்டில் மாட்டும் ஃப்ளாஷ் மட்டும் அகப்படவே இல்லை. கேட்ட இடத்தில் எல்லாம் கேமராவைவிட அதற்குக் கூடுதலாகச் சொன்னார்கள். காரணம் புரியவில்லை. கடைசியில் பெட்டி நிறையப் பழைய சாமான்களை மொத்தமாக வாங்கியபோது அடியில் ஒன்று கிடந்தது. கிராஃப்லெக்ஸ் கம்பெனி செய்தது, மூன்று பெரிய பேட்டரி போடும் வகை. துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் பார்த்துவிட்டு, "மாமா, லூக்கோட லைட்சேபர் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்றான்.

கேமராவில் மாட்டுகிற ஃப்ளாஷ் என்று சொன்னேன். நம்பவில்லை. ரிஃப்ளெக்டர் கிண்ணத்தை எடுத்து மேலே மாட்டிக் காட்டியதும் அவன் முகம் வாடிவிட்டது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். லைட்சேபர் என்பது ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளி வாள், லூக் அதன் கதாநாயகன். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு அரங்கப் பொருள்களைச் செய்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு கேமராக் கடையில் இந்தக் கைப்பிடிகளைப் பார்த்திருக்கிறார். கீழ்ப் பாதியில் கறுப்புப் பட்டைகளை ஒட்டினார். பழைய கால்குலேட்டர்களில் எண்களைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு குமிழ்ப் பட்டை இருக்குமே, அதை எடுத்து நடுவில் உள்ள கிளாம்பில் பதித்தார். இடுப்பில் தொங்கவிட ஒரு வளையம். ஏறக்குறைய அவ்வளவுதான் வேலை! அந்தப் படத்தின் கலை அமைப்புக்கு 1978இல் ஆஸ்கர் வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

இதை நான் ஃப்ளாஷாகவே வைத்துக்கொள்வதா, பையன் தினமும் கேட்கிறபடி வாளாக மாற்றுவதா? இப்படி ஒன்று கையில் வந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

* * *

நான் மாற்றியவன். திட்டு வாங்கத் தயாராகவே எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்ததில் பேட்டரிகள் உள்ளேயே கசிந்து, ஊதி, குழாயோடு ஒட்டிப்போயிருந்தன. தட்டினேன், குலுக்கினேன், அசையவில்லை. கடைசியில் நீளமான மர ஸ்குரூ ஒன்றைப் பேட்டரியின் நடுவில் இறக்கி, குறட்டால் பிடித்து இழுத்தேன். மூன்றையும் எடுக்க இரண்டு நாள் ஆனது. குழாய் பித்தளை, மேலே குரோம் பூச்சு. பேட்டரி கசிந்த பக்கம் பூச்சு உரிந்து பச்சை பிடித்திருந்தது. நல்ல நிலையில் இருந்திருந்தால் சத்தியமாகத் தொட்டிருக்கமாட்டேன்.

கிளாம்பின் நெம்புகோலை விடுவித்தால் கைப்பிடி மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டாகக் கழன்று வரும். கீழே லித்தியம் பேட்டரியும் ஒலிக்கு ஒரு சின்ன சர்க்யூட் போர்டும், மேலே எல்.ஈ.டி.யும், வாளுக்குப் பாலிகார்பனேட் குழாயும் வைத்தேன். படப்பிடிப்பில் இதெல்லாம் ஏது? வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பொருளை ஒரு மரக்கோலில் சுற்றி, மோட்டார் வைத்துச் சுழலவிட்டார்கள். அதன் மேல் பளபளப்பைப் பிறகு ஃப்ரேம் ஃப்ரேமாகச் சேர்த்தார்கள்.

சிவப்புப் பொத்தானைத்தான் ஸ்விட்ச் ஆக்கினேன். முன்பு அதை அமுக்கினால் பல்பு எரியும். இப்போது வாள் எரிகிறது. பாவம், அதற்கு வேலை மாறவே இல்லை.

ஒரே ஒரு வருத்தம். வளையம் மாட்டுவதற்காக அடிமூடியில் ட்ரில் போட்டேன். பட்டைகளை இருபக்க டேப்பில் ஒட்டியதால் நாளைக்கே உரித்துவிடலாம். அந்த ஓட்டையை என்ன செய்வது? நீங்கள் மாற்றுவதாக இருந்தால் ட்ரில்லைக் கையில் எடுக்காதீர்கள்.

* * *

தம்பிகளா, நான் அந்த ஃப்ளாஷை வைத்துப் பிழைப்பு நடத்தியவன். ஒரு பல்புக்கு ஒரு படம். கண்ணாடிக்குள் மெல்லிய அலுமினியத் தகட்டுச் சுருளோ மக்னீசியக் கம்பியோ இருக்கும், சுற்றிலும் ஆக்சிஜன். மின்சாரம் பட்டதும் மொத்தமும் ஒரே மூச்சில் எரிந்து தீர்ந்துவிடும். உடனே கழற்றினால் விரல் வெந்துபோகும். நாங்கள் சட்டைப் பையில் கைக்குட்டை வைத்திருந்தது முகம் துடைக்க இல்லை.

பல்பு உச்ச வெளிச்சத்துக்கு வர 20 மில்லிசெகண்ட் அளவுக்கு ஆகும். ஷட்டர் அதுவரை காத்திருந்து திறக்கவேண்டும். பழைய கேமராவில் இந்தக் கணக்கு தப்பினால் வம்பே வேண்டாம், இருட்டு அறையில் ஷட்டரை 'பி'யில் (அமுக்கியிருக்கும்வரை திறந்தே இருக்கும் அமைப்பு) திறந்து வைத்து, பல்பைத் தனியாக அடித்துவிட்டு மூடு. முதலில் பல்புக்குள் இருக்கும் நீலப் பொட்டைப் பார். இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதை அடித்தால் வெடிக்கும், தூக்கிப் போடு.

என் ஆதங்கம் வேறு. வில்லன் வேடரின் வாளுக்குப் போனது பிரிட்டிஷ் எம்.பி.பி. மைக்ரோஃப்ளாஷ். லூக்கின் குரு ஓபிவான் வாளில் ஜெட் எஞ்சின் குழாய் இருக்கிறது, முதல் உலகப் போரில் துப்பாக்கியில் வைத்துச் சுட்ட எறிகுண்டு இருக்கிறது, தண்ணீர்க் குழாயின் திருகுகூட இருக்கிறது. சரி, இதையாவது விட்டார்களே என்று பார்த்தால், கிளாம்பு மட்டும் கிராஃப்லெக்ஸ்! அந்த ஒரு கிளாம்புக்காக முழு ஃப்ளாஷைப் பிரித்து விற்றவனை நேரில் பார்த்திருக்கிறேன். 1945இல் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்கப் படை கொடி ஏற்றியதைப் படம் பிடித்தது ஸ்பீட் கிராஃபிக். அந்தக் கேமரா இன்று எங்கே பார்த்தாலும் ஃப்ளாஷ் இல்லாமல் ஒற்றைக் கையோடு நிற்கிறது.

* * *

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு நடந்தது வேறு ரகம்.

நண்பர்களோடு குறும்படம் எடுத்தோம். விண்வெளிக் கப்பலில் கையில் பிடிக்கும் ஸ்கேனர் மாதிரி ஒன்று தேவைப்பட்டது. என்னிடம் ஓர் எலக்ட்ரானிக் ஃப்ளாஷ், வேலை செய்யாமல் பல மாதமாக அலமாரியில் கிடந்தது. முதல் நாள் ராத்திரிதான், எரிகிறதா பார்ப்போம் என்று பேட்டரி போட்டு ஒரு தடவை ஆன் செய்திருந்தேன். எரியவில்லை. செத்ததுதானே என்று மறுநாள் காலையில் திறந்தேன். கை உதறியதில் ஸ்குரூடிரைவர் சுவரில் போய் விழுந்தது. பத்து நிமிஷம் யாரோடும் பேசவில்லை.

கிராஃப்லெக்ஸில் மூன்று பேட்டரி சேர்ந்து 4.5 வோல்ட்தான், தைரியமாகப் பிரிக்கலாம். எலக்ட்ரானிக் ஃப்ளாஷுக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும், பேட்டரியைக் கழற்றின பிறகும் இறங்காது. ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகுதான் உள்ளே விரல் விடவேண்டும். ஸ்கேனரைப் பிறகு சோப்பு டப்பாவில் செய்தோம். படத்தில் நன்றாகவே இருந்தது.

* * *

கேள்வி கேட்டவன் மறுபடியும் வந்திருக்கிறேன்.

ட்ரில் போடவில்லை. பையனுக்குப் புதிதாகக் கடைந்து செய்த நகல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பழையதைவிட எடை குறைவு, பளபளப்பு அதிகம். அவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பழைய பெட்டியில் மூன்று பல்புகள் இருந்தன, மூன்றிலும் பொட்டு நீலமாகவே இருந்தது. ஐயா சொன்னபடி அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்து வைத்து, அவனை வாளோடு நிற்கச் சொல்லிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். இவ்வளவு வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் எங்கே பார்த்தாலும் பச்சைப் புள்ளி. கருகின பிளாஸ்டிக் மாதிரி லேசாக ஒரு வாடை.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தேன். வாள், சட்டைப் பொத்தான், பின்னால் காலண்டரில் இருக்கும் எழுத்துவரை அத்தனையும் துல்லியம். பையன் மட்டும் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருக்கிறான்.

"இன்னொரு தடவை மாமா" என்கிறான். இன்னும் இரண்டு பல்பு இருக்கிறது.